கேட்கத் தெரிந்த தலைமை

தலைமைக்கு அறிவு ஒன்றே போதுமா? உயர்பதவிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெற்ற பட்டங்களையும் அவருடைய பட்டறிவையும் ஆராய்கிறோம். பள்ளிக்கு ஆசிரியரைத் தேடும்போதும் அவ்வாறே. பிறர் மனம் அவருக்குத் தெரியுமா என்று ஆராய்வது அரிது. 1990-ஆம் ஆண்டு பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர், தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து அதற்கேற்பச் சிந்தித்துச் செயல்படும் திறனும் ஒருவகை அறிவே என்று எடுத்துரைத்தனர். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. உணர்வறிவு என்னும் அச்சொல் இன்று மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் பழகிப்போன சொல்லாகிவிட்டது.

இக்கருத்தை விளங்கிக்கொள்ள நம் மொழியே நமக்குத் துணைபுரிகிறது. வினவுவதையும் கேட்டல் என்கிறோம். செவிமடுப்பதையும் கேட்டல் என்கிறோம். கற்றோர் சொல்லைச் செவியால் பெறுவதற்கு வள்ளுவர் 'கேள்வி' என்று பெயரிட்டுத் தனி அதிகாரமே வகுத்தார். எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்திருந்த பன்னிரண்டு வயது இயேசுவைக் காட்டும் லூக்கா நற்செய்தியாளரும், அவர் செவிசாய்த்ததையும் வினாக்கள் எழுப்பியதையும் ஒருசேரக் குறிப்பிடுகிறார். அறியும் ஆவல் வினவுகிறது. பிறர் உணர்வை மதிக்கும் நெஞ்சம் செவிமடுக்கிறது. இவ்விரண்டோடு ஈகையும் சேர வேண்டும். கேட்டபின் எதையும் விட்டுக்கொடுக்க ஆயத்தமில்லாதவர் கேட்பது வெறும் சடங்காகவே முடியும்.

சேரப்பணஞ்சேரி வழியாகச் செல்லும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் வைகறையில் நின்று பார்ப்போர் இதன் தேவையை உணர்வர். ஒரகடத்தையும் திருப்பெரும்புதூரையும் நோக்கித் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்கின்றன. தொலைதூர மாவட்டங்களிலிருந்து வந்து, விடுதிகளில் தங்கி உழைக்கும் இளைஞரும் இளம்பெண்களும் அவற்றில் பாதி உறக்கத்தில் அமர்ந்திருக்கின்றனர். நாள் முழுவதும் அவர்களுக்கு ஆணையிடுவோர் பலர். அவர்களைக் கேட்போர் எத்தனை பேர்?

2021 டிசம்பர் மாதம் இந்த வினாவை நாட்டின் முன் வைத்தது. சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த, பூந்தமல்லி அருகே அமைந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடனிருந்த தோழியர் எந்நிலையில் உள்ளனர் என்று மற்றவர்கள் தவித்தபோது நம்பத்தக்க விடை அவர்களுக்குக் கிட்டவில்லை. அந்த மௌனத்தில் வதந்தி முளைத்தது; சிலர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. டிசம்பர் 17 இரவு அப்பெண்கள் பெருந்திரளாகச் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டனர். எவரும் இறக்கவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஏறத்தாழ 17,000 பேர் பணியாற்றிய அந்த ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில, தான் வகுத்த தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. கைப்பேசியில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கும் இடத்தில், அதைச் செய்யும் கைகளுக்குரியவர் என்ன உண்டார் என்பது சாலை மறிக்கப்படும்வரை தெரியாமற்போனது ஏன்?

கேட்பதற்கு விலையும் உண்டு. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் சாம்சங் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதியத்தோடு அவர்கள் முதன்மையாக வேண்டியது தங்கள் சங்கத்திற்கு ஏற்பு. நிலையானதொரு குரல் வேண்டும் என்பதே அதன் பொருள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவு பெற்றது. கருணையுள்ள மேலாளர் ஒருவர் இன்று கேட்கலாம். நாளை அவர் மாறிவிட்டால்? கேட்டே ஆகவேண்டிய ஏற்பாட்டிற்கு இசையும்போது தலைமை தன் அதிகாரத்தில் ஒரு பங்கை இழக்கிறது. அந்த இழப்புக்கு உடன்படுவதும் ஈகையே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பிறர் மனத்தை அறிவது எப்போதும் அறமாகுமா? ஏமாற்றுவோனும் பிறர் மனத்தை நன்கறிவான். தொழிலாளியின் சோர்வைக் கண்டு, இன்சொல் கூறி, இன்னும் ஒரு மணி நேர வேலை வாங்கும் மேற்பார்வையாளருக்கும் உணர்வறிவு உண்டன்றோ? உண்டுதான். ஆதலால் அத்திறன் தன்னளவில் அறமாகாது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடல், உழைப்பு மனிதனுக்காகவே உள்ளது என்று கற்பித்தது. அந்த நோக்கு மாறிப்போனால் உணர்வறிவும் ஒரு சுரண்டல் கருவியாகிவிடும். அறிந்தது யாருடைய நன்மைக்குப் பயன்படுகிறது என்பதே உரைகல்.

இதே மண்ணின் பழைய வரலாறு ஒன்று ஈகையின் இயல்பை விளக்குகிறது. திருப்பெரும்புதூரில் 1017-இல் தோன்றியவராகப் போற்றப்படும் இராமானுசர், இளமையில் யாதவப்பிரகாசரிடம் பயின்றார். ஆசிரியர் கூறிய பொருளுரையொன்று அவர் நெஞ்சை வருத்த, கண்ணீர் சிந்தி வேறு பொருள் கூறினார் என்றும், ஆசிரியர் அதனைப் பொறுக்கவில்லை என்றும் வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. மாணவன் வளர்ந்தால் தான் குறைந்துவிடுவோம் என்னும் அச்சம் அது. பிற்காலத்தில் அந்த ஆசிரியரே இராமானுசரிடம் மாணவராக வந்து சேர்ந்தார் என்பது அவ்வரலாற்றின் வியத்தகு முடிவு. முதுமையிலும் கற்க இறங்கிவர அவருக்கு மனம் வந்தது. திருக்கோட்டியூர் நம்பியிடம் மறைபொருள் கேட்க இராமானுசர் பதினெட்டு முறை நடந்தார் என்பர். அவ்வளவு ஆவலோடு பெற்றதை, தடையையும் மீறி, அனைவரும் கேட்க உரைத்தார். சினந்த நம்பியே பின்னர் அந்த ஈரநெஞ்சைக் கண்டு அவரைத் தழுவிக்கொண்டார். கல்வி பகிர்ந்தால் குறையாது என்பதை எல்லோரும் சொல்வோம். குறைவது கற்பிப்பவரின் தனியுயர்வு. அதை இழக்க அஞ்சாதவரே நல்லாசிரியர்.

ஆலை முதலாளிகளைக் குறைகூறுவதோடு நாம் நின்றுவிடலாகாது. இல்லத்தில், வகுப்பறையில், பங்குப் பேரவையில் நாமும் யாரோ ஒருவருக்குத் தலைவராயிருக்கிறோம். கூட்டங்களில் கருத்துக் கேட்கிறோம். முடிவோ முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. மகள் விடுதியிலிருந்து தொலைபேசியில் பேசும்போது சம்பளம் வந்ததா என்று முதலில் கேட்கிறோம். இனி, என்ன சாப்பிட்டாய், யாரோடு பேசினாய், எது கடினமாயிருக்கிறது என்று கேட்போம். வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்பதே அவள் விடையானால், அதையும் கேட்க நம் நெஞ்சம் ஆயத்தமாயிருக்கட்டும்.