சாட்சிக் கூண்டில் ஏறு!

1952-ஆம் ஆண்டு ராயபுரம் கடற்கரை மணலில் ஒரு மனிதத் தலை கிடைத்தது. தலையில்லாத உடல் அதற்கு முன்பே ரயிலேறித் தெற்கே போயிருந்தது. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன இந்தோ சிலோன் எக்ஸ்பிரஸில் ஒரு டிரங்குப் பெட்டி நாறத் தொடங்கியதும், ஆகஸ்ட் 29 அன்று மானாமதுரையில் போலீஸ் அதைத் திறந்தது. ஆளவந்தார் கொலை வழக்கு. உங்கள் தெருப் பெரியவர் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார். யார் கொன்றது, எதற்காகக் கொன்றது, தலை எப்படி ராயபுரத்துக்கு வந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்வார்.

ஒரு பெயரை மட்டும் அவர் சொல்லமாட்டார். டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன். சென்னை மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர். அந்த உடலை முதலில் தெற்கே பார்த்தபோது இருபதுகளில் உள்ள இளைஞன் என்று கணித்தார்கள். சென்னையில் கோபாலகிருஷ்ணன் எலும்பைப் பார்த்தார்; இவர் நாற்பதைத் தாண்டியவர் என்றார். காணாமல்போன ஆளவந்தாருக்கும் அந்த வயதுதான். அவர் ராணுவத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அவருடைய கைரேகை ஆவணத்தில் இருந்தது. பெட்டியில் கிடந்த உடலின் கைரேகையோடு அது ஒத்துப்போனது. காதுத் துளையையும் பல்வரிசையையும் வைத்து மனைவி தலையை அடையாளம் சொன்னார். அறிவியலும் பொறுமையும் சேர்ந்து, பெயரில்லாத ஒரு பிணத்துக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தன.

தம்பி, தங்கச்சி, நான் பேச வந்தது அந்த மருத்துவரின் பக்கத்தில் நின்று. கொலை நடந்த ஊர் என்ற பெயர் ராயபுரத்துக்கு வந்துவிட்டது. கொலையைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஆளைக் கொடுத்த ஊர் என்ற பெயர் எப்போது வரப்போகிறது? அதை நீ வாங்கித் தர வேண்டும்.

காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் டோல்கேட், எர்ணாவூர், கத்திவாக்கம் என்று முகவரி சொன்னதும் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதை நீ பார்த்திருப்பாய். சினிமாக்காரர்கள் அரிவாள் காட்டுவதற்கு இடம் தேடினால் நம் தெருவுக்குத்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எத்தனையோ வீடுகளில் அப்பா துறைமுகத்தில் சுமை தூக்குகிறார், அம்மா மீன் கூடை தூக்குகிறார், பிள்ளை பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி படிக்கிறது. இந்தக் காட்சி ஒரு படத்திலாவது நாயகனின் வீடாக வருகிறதா? குற்றவாளிக் கூண்டைத்தான் நமக்குக் கொடுத்துவைத்திருக்கிறார்கள். நீதிமன்றத்தில் இன்னொரு கூண்டும் இருக்கிறது. நிபுணர் சாட்சி ஏறும் கூண்டு. அதில் ஏறி நிற்பவரை நீதிபதியும் கவனித்துக் கேட்பார். அந்தக் கூண்டு உனக்குரியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நேரமும் உன் பக்கம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3)-ஆவது பிரிவைத் தேடிப் படி. ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம் என்றால், தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும். அதை வீடியோவாகவும் பதிய வேண்டும். இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டுவரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இன்று பிளஸ் டூவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பட்டம் வாங்கி வெளியே வரும்போது, சட்டம் கேட்கும் அளவுக்கு நாட்டில் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆட்கள் எங்கிருந்து வரப்போகிறார்கள்? அடையாறிலிருந்தும் அண்ணா நகரிலிருந்தும் மட்டும்தானா?

இந்த அறிவியல் நமக்கு அந்நியமும் இல்லை. இந்தியாவிலேயே முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் தொடங்கியது இதே சென்னையில். தடயவியல் முன்னோடி எட்மண்ட் லோகார்ட் பிரான்சின் லியோன் நகரில் போலீஸ் ஆய்வகம் திறந்தது 1910-இல். அவருக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே விஷம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு, கிழிந்த துணியையும் வயர் துண்டையும் எஃகு உருண்டைகளையும் சேர்த்துவைத்துப் பார்த்து, இது ஒரு பெண் தன் உடம்பில் கட்டிவந்த குண்டு என்று நிறுவியவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் பி. சந்திரசேகரன். பின்னாளில் பத்மபூஷண் பெற்றார். பெண்பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று இழுக்கிற அம்மாவுக்கு, மும்பை தடய அறிவியல் ஆய்வகத்தின் இயக்குநர் நாற்காலிவரை போன ருக்மணி கிருஷ்ணமூர்த்தியைக் காட்டு. 1993 மும்பை குண்டுவெடிப்புத் தடயங்களில் உழைத்தவர் அவர்.

வேலை எப்படிப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டி.வி. தொடரில் வருவதுபோல் ஒரு முடியை எடுத்து மெஷினில் வைத்தால் கொலைகாரனின் புகைப்படம் வராது. சீல் வைத்த பாட்டில் வரும். அதில் இறந்தவரின் வயிற்றுப் பகுதியோ கல்லீரலோ இருக்கும். நாற்றம் இருக்கும். முதலில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து எழுதவேண்டும். யார் கொண்டுவந்தார், எத்தனை மணிக்குக் கைமாறியது என்று எழுதவேண்டும். அதன் பிறகுதான் சோதனை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிரைக் குடித்ததே, அதை எடுத்துக்கொள். சாராயத்தில் இருக்கவேண்டிய எத்தனாலும் விஷமான மெத்தனாலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மெத்தனால் கொதிப்பது ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸில், எத்தனால் 78-இல். வாயு நிறப்பிரிகைக் கருவிக்குள் ஆவியாக அனுப்பினால் ஒன்று முன்னால் வெளியே வரும், மற்றது பின்னால் வரும். தாளில் தனித்தனி முகடுகளாக எழும். உடம்புக்குள் போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அடிக்கிறது. இவ்வளவும் நீ இரண்டாம் ஆண்டு கரிம வேதியியலில் படிக்கிற பாடம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்துபோகிற அதே பக்கம், இன்னொரு மேசையில் ஒரு கொலை வழக்கின் முதுகெலும்பாக நிற்கிறது. அந்தப் பக்கத்தை இனி அலட்சியமாகப் புரட்டாதே!

அடுத்தது, காசைக் கொட்டுவதற்கு முன் கேட்கவேண்டிய சேதி. ‘ஃபாரன்சிக்’ என்று பெரிய எழுத்தில் போர்டு வைத்து லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் கல்லூரிகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. வட்டிக்கு வாங்கிச் சேரவேண்டாம். ஆய்வகம் இருக்கிறதா, கருவிகள் ஓடுகின்றனவா, வேதியியலும் உயிரியலும் ஆழமாகக் கற்பிக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார். அரசுத் தடயவியல் ஆய்வகங்களில் நஞ்சியல், உயிரியல், இயற்பியல், ஆவணம் என்று பிரிவுகள் இருக்கின்றன. வேதியியல், இயற்பியல், உயிரியல் படித்தவர்களுக்கு அங்கே இடம் உண்டு. டி.என்.பி.எஸ்.சி.யின் பழைய அறிவிக்கையை இறக்கிக் கல்வித்தகுதிப் பத்தியை வரிவரியாகப் படி. எந்தப் பட்டம் செல்லும், எது செல்லாது என்று அங்கே கறுப்பு வெள்ளையில் இருக்கும். அதைப் படிக்காமல் மூன்று வருஷத்தைப் பணயம் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உன் காலடியிலேயே வழி இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி, வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி. இங்கே கிடைக்கும் ஒழுங்கான அறிவியல் பட்டத்தை யாரும் குறைத்துப் பேச விடாதே. அதன் மேல் முதுகலையாகத் தடயவியல் படிக்கலாம். குஜராத்தின் காந்திநகரில் தலைமையகம் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020-இல் தனிச் சட்டத்தால் உருவானது. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. மத்தியப் பிரதேசத்துச் சாகர் பல்கலைக்கழகத்தில் 1959 முதலே இதற்கென்று துறை இருக்கிறது. யு.ஜி.சி. நெட் தேர்விலும் தடயவியல் தனிப் பாடம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்துவது குற்றவியல். குற்றம் ஏன் நடக்கிறது, சமூகம் அதை எப்படிக் கையாள்கிறது என்ற படிப்பு அது. இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பம் போடாதே.

அரசு ஆய்வகப் பணியிடங்கள் வருஷா வருஷம் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதில்லை. அதற்காகப் பின்வாங்குவாயா? சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் விரல் ரேகைப் பிரிவுக்குத் தனியாகச் சார்பு ஆய்வாளர்களை எடுத்திருக்கிறது. ராஜாஜி சாலை சுங்க மாளிகையில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. துறைமுகத்தில் இறங்கும் சரக்கு, சொன்ன பொருள்தானா என்று அங்கே சோதிக்கிறார்கள். 2020-இல் பெய்ரூட் துறைமுகம் அம்மோனியம் நைட்ரேட்டால் வெடித்தபோது, நம் மணலியில் ஏறக்குறைய 700 டன் அதே பொருள் ஆண்டுக்கணக்காகக் கன்டெய்னர்களில் கிடந்தது நாட்டுக்கே தெரிந்தது. உணவுப் பகுப்பாய்வுக் கூடம், மாசு கட்டுப்பாட்டு வாரிய ஆய்வகம், மருந்துச் சோதனைக் கூடம் எல்லாமே இதே கையைத்தான் தேடுகின்றன. ஒரு தேர்வு தவறினால் அடுத்த கதவைத் தட்டு. கற்ற வேதியியல் உன்னைவிட்டு எங்கும் போய்விடாது.

“எனக்கு இங்கிலீஷ் வராது சார்.” இதை எத்தனை பிள்ளைகள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்! அறிக்கை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டியிருக்கும், பாடநூலும் ஆங்கிலம்தான். ஆனால் ஆய்வக ஆங்கிலம் கவிதை ஆங்கிலம் இல்லை. என்ன வந்தது, என்ன செய்தேன், என்ன கண்டேன். குட்டிக் குட்டி வாக்கியங்கள். தினம் ஒரு பக்கம் எழுதினால் ஒரு வருஷத்தில் கைவசமாகிவிடும். மொழிக்குப் பயந்து ஒதுங்காதே. அந்தப் பயத்தை உனக்குள் விதைத்தவன் உன் இடத்தில் உட்கார்ந்துவிடுவான்.

உன்னிடம் வேறொன்று இருக்கிறது. காசிமேட்டு ஏலத்தில் உன் அம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், விரலால் அழுத்திப் பார்ப்பார். நேற்றுப் பிடித்ததா, நாலு நாள் ஐஸில் கிடந்ததா என்று சொல்லிவிடுவார். நிறம், விறைப்பு, நாற்றம் வைத்து நேரத்தைக் கணிக்கும் கண் அது. ஸ்டான்லி மருத்துவமனைப் பிணவறையில் சட்ட மருத்துவர் பழகிய கண்ணும் அந்த வகைதான். அந்தக் கண்ணுக்கு அளவுகோலும் கருவியும் பதிவேடும் சேர்த்துக் கொடுப்பதுதான் படிப்பு. வீட்டிலேயே பாதிப் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்க, நீ தாழ்வு மனப்பான்மையில் தலை குனியலாமா?

குறுக்கு விசாரணையில் வக்கீல் உன் ஏரியாவைப் பார்த்து அஞ்சப்போவதும் இல்லை, இரங்கப்போவதும் இல்லை. “மாதிரி எப்படிச் சேமிக்கப்பட்டது? கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? உங்கள் முடிவு தவறாக இருக்க வாய்ப்பே இல்லையா?” இவைதான் கேள்விகள். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் குரல் நடுங்காமல் சொல்லவேண்டும். போலீஸ் விரும்புகிறது என்பதற்காக ஒரு வார்த்தை கூட்டினால் ஒரு நிரபராதி உள்ளே போவான். குறைத்தால் ஒரு குற்றவாளி வெளியே போவான். யார் மேல் சுலபமாகப் பழி விழும் என்பது நம் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அந்தக் கூண்டில் உன்னைப் போன்றவர் நிற்கவேண்டும் என்கிறேன். இதற்கு இன்றே பழகலாம். உன் செய்முறைப் பதிவேட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் கீழே, இது எங்கே பிசகியிருக்கலாம் என்று ஒரு வரி எழுது. புத்தக விடைக்காக அளவைத் திருத்தி எழுதும் பழக்கம் இருந்தால் இந்த வாரமே நிறுத்து.

கடைசியாக எண்ணூருக்கு வா. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின; கரையில் ஒதுங்கிய எண்ணெயை எர்ணாவூரில் பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணெய் முகத்துவாரத்துக்கு வந்தது. வலை போனது, படகு போனது, நண்டும் இறாலும் போயின. யார் எண்ணெய் இது என்று முதலில் பொறுப்பேற்க ஆளில்லை. மணலி சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்தது என்று பிறகு மாசு கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள்.

எண்ணெய்க்கும் ரேகை உண்டு. கச்சா எண்ணெயில் ஹோபேன் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நுண்ணுயிர்களின் எச்சம். வெயிலிலும் அலையிலும் அவை எளிதில் சிதைவதில்லை. எந்தச் சேர்மம் எந்த விகிதம் என்று அளந்து, தண்ணீரில் எடுத்த மாதிரியையும் தொட்டியில் எடுத்த மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உண்மை பேசும். மாதிரியை முதல் நாளே, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில், சீலோடு, நேரத்தோடு எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை ஆற்றில் எண்ணெய் மிதக்கும் காலையில், அந்தப் பாட்டிலோடு முகத்துவாரத்தில் முதலில் இறங்குபவர் கத்திவாக்கத்துப் பிள்ளையாக இருக்கவேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தில் அந்த முகடுகளை விளக்கிச் சொல்பவரும் அதே பிள்ளையாக இருக்கவேண்டும். கல்லூரி விண்ணப்பம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நில்!