திருந்துதலும் தெரிவித்தலும்

வளர்ச்சி இளமைக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். ஐம்பது வயதைக் கடந்த ஒருவரைச் சுட்டி, "இனியா அவர் மாறப்போகிறார்?" என்று கேட்பது உலக வழக்கு. அக்கேள்வியில் பாதி ஏளனம், பாதி சலுகை. மாறமாட்டார் என்று முடிவு கட்டிவிட்டால், பிறரும் அவரிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டுவதில்லை. அவரும் தம்மிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டுவதில்லை. அந்தச் சலுகையின் நிழலில் பல ஆண்டுகள் இளைப்பாறியவர்களுள் நானும் ஒருவன்.

நான் பணியாற்றும் ரெம்பாவ் வட்டாரம், சுமத்திராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்களின் 'அடாட் பெர்பாத்தே' மரபு வேரூன்றிய மண். தாய்வழி உரிமையைப் போற்றும் அம்மரபினரிடையே ஒரு முதுமொழி உண்டு. வெள்ளம் ஒருமுறை பெருகி வந்தால், ஆற்றுத்துறையும் ஒருமுறை இடம் மாறும் என்பது அதன் கருத்து. வழிவழி வந்ததைக் கண்ணெனக் காப்பவர்களே மாற்றத்திற்கும் இடம் வைத்திருப்பது எண்ணத்தக்கது. சென்ற ஆண்டு என் வாழ்விலும் ஒரு வெள்ளம் வந்தது. அஃது ஆரவாரமின்றி என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தது.

தம் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க ஒரு தந்தை வந்திருந்தார்; லாரி ஓட்டுநர். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு தோட்டப் பள்ளியில் என்னிடம் பயின்றவர். மகிழ்ச்சியுடன் நலம் விசாரித்தேன். பாரங்களில் கையொப்பமிட்டு எழுந்தவர், வாயிலருகே தயங்கி நின்று, "ஐயா, பிள்ளை கொஞ்சம் மெதுவாகத்தான் வாசிக்கும். மற்றப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீங்க ஐயா" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை; வேண்டுகோளே இருந்தது.

அவர் சென்ற பின்னரே நினைவு திரும்பியது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறிய அச்சிறுவனை நாள்தோறும் வகுப்பின் முன் நிறுத்தி, 'மரமண்டை' என்று அழைத்து, பிள்ளைகள் சிரிக்கக் காத்திருந்த இளம் ஆசிரியன் நான். பிரம்பைத் தொடாததையே பெருமையாகக் கருதியவன். தீப்புண்ணையும் சொற்புண்ணையும் வள்ளுவர் ஒப்பிட்டுக் காட்டும் அதிகாரத்தை அதே வகுப்பறையில் நடத்தியவனும் நானே.

அந்த ஆண்டு முழுவதும் வாரம் இருமுறை குறைநீக்கல் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்தேன். என்னினும் மிக இளையவரான ஆசிரியை ஒருவர் அவ்வகுப்பை நடத்தினார். ஒரு குழந்தை 'மழை' என்னும் சொல்லில் இடறி நின்றபோது, அவர் ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். அந்த மௌனத்தை என்னால் தாங்க இயலவில்லை. விடையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணாலேயே என்னைத் தடுத்தார். சற்று நேரங்கழித்துக் குழந்தை தானே அச்சொல்லை முடித்தது. வினாத் தொடுக்கும் முறையைப் பயிற்சிக் கல்லூரியில் கற்றேன். விடைக்காகக் காத்திருக்கும் முறையை ஐம்பத்து நான்காம் வயதில்தான் கற்றேன். காலைச் சபைகூடலில் தவறு செய்த மாணவர்களின் பெயரை உரக்க வாசிக்கும் என் வழக்கத்தையும் விட்டொழித்தேன். "பெரிய வாத்தியார் மாறிவிட்டார்" என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டனர். கேட்டு மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சியே என்னைப் பின்னர் உறுத்தியது. என் திருத்தத்தின் பயனை அடைபவர் இன்றைய பிள்ளைகள். அதற்கு விலை கொடுத்தவர் யார்? அன்று நாணித் தலைகுனிந்து நின்ற அந்தச் சிறுவன் அன்றோ? ஒருவன் திருந்திவிட்டால் பழைய கணக்கு தீர்ந்துவிடுமா?

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். பட்டையை மெல்லியதாகச் சீவினால் அது மீண்டும் வளரும். அவ்விடத்திலேயே சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் வெட்டலாம். உளி ஆழ்ந்து மரத்தையே தொட்டுவிட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மரம் பட்டுப்போவதில்லை, பாலும் கொடுக்கும். ஆயினும் அம்முடிச்சு, வெட்டியவனின் கை பிற்காலத்தில் தேர்ந்துவிட்டது என்பதற்காக மறைவதில்லை.

மாமன்னர் அசோகரின் வரலாற்றிலும் இவ்வினாவுக்கு இடம் உண்டு. கி.மு. 261ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கலிங்கப் போரில் 100,000 பேர் கொல்லப்பட்டனர் என்றும், 150,000 பேர் நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர் என்றும் தம் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் அவரே பொறித்து வருந்துகின்றார். வென்ற வேந்தன் ஒருவன் தன் குற்றத்தின் அளவைத் தானே கல்லில் எழுதிவைத்தது உலக வரலாற்றில் அரிய செயல். ஆனால், கலிங்க மண்ணிலுள்ள தௌலி, ஜௌகடா ஆகிய இடங்களில் அந்தக் கல்வெட்டு இல்லை. அங்கே, மக்கள் யாவரும் தம் பிள்ளைகள் என்றும், அதிகாரிகள் அவர்களிடம் நேர்மையுடன் நடத்தல் வேண்டும் என்றும் கூறும் தனிக் கல்வெட்டுகளே உள்ளன. துன்புற்றவர்க்கு நல்லாட்சியை வழங்க முற்பட்டார்; வருத்தத்தையோ மற்றவர்க்கே தெரிவித்தார். காரணம் எதுவாயினும், இதைப் படித்தபோது நான் என்னையே கண்டேன். என் மாற்றத்தைப் பள்ளி முழுவதும் அறிந்திருந்தது. அறிய வேண்டிய ஒருவர் மட்டும் அறியவில்லை.

ஆண்டின் இறுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர் வீட்டிற்குச் சென்றேன். மகளைப் பற்றிக் குறை கூற வந்திருப்பதாக எண்ணி அவர் முகம் வாடியது. "பிள்ளை நன்றாக இருக்கிறாள். நான் வந்தது உன்னிடம் ஒன்று சொல்ல, தம்பி. அன்று உன்னை அப்படி அழைத்தது தவறு. வயதின் மீதோ வேலையின் மீதோ நான் பழிபோடவில்லை. தவறு என்னுடையது" என்றேன். அவர் நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ வீட்டிலேகூட நான் சொன்னதில்லை ஐயா" என்றார். வேறொன்றும் கூறவில்லை. சிறிது நேரத்தில் அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார், குடித்துவிட்டு விடைபெற்றேன்.

மன்னித்தார் என்று நான் சொல்லிக்கொள்ள இயலாது. மன்னிப்பு அவருடைய உடைமை. அதைக் கேட்டுப் பெறும் உரிமை எனக்கில்லை. நெடுங்காலம் அவர் ஒருவரே சுமந்திருந்ததை அன்று மாலை இருவரும் அறிந்தோம் என்பது மட்டும் உண்மை.

நடுவயதில் மனிதன் மாற முடியுமா என்று இனி நான் ஐயுறுவதில்லை, முடியும். ஆனால் நடத்தையை மாற்றிக்கொள்வது திருத்தத்தின் ஒரு பாதியே. யாரை வருத்தினோமோ அவரிடம் சென்று, நம் வாயாலேயே அதை ஒப்புக்கொள்வது மறுபாதி. ஆசிரியப் பெருமக்களே, நம் பழைய வருகைப் பதிவேடுகளை மனத்தளவில் ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். ஏதேனும் ஒரு பெயரைக் கடக்கும்போது நம் விரல் தயங்குமாயின், அவர் வீட்டுக்குச் செல்லும் வழியைக் கேட்டறிவோம்.