பெயரறியாச் செடி

நன்னிலத்தில் நம் வீட்டுக் கொல்லையில் மாடு போன பிறகும் கழுநீர்த் தொட்டி மட்டும் நின்றுவிட்டது. அதில் மண்ணைக் கொட்டிக் கீரை விதைப்பதும் மறப்பதுமாக ஆண்டுகள் கழிந்தன. ஒரு சித்திரையில் மண்ணைக் கிளறியபோது கலப்பை போல் வளைந்த கிழங்கொன்று அகப்பட்டது. ஊன்றியவர் யாரென எவருக்கும் நினைவில்லை. "ஒருவகை வள்ளிதான்" என்றோம். எதிர்வீட்டு மாமி தமக்கும் வேண்டுமென்றார். வளைவில் ஒடித்துப் பாதியைக் கொடுத்தோம். மறுபாதி தொட்டிக்கே திரும்பியது.

ஆவணியில் தளிர் எழுந்தது. இலை வள்ளியின் இலையாக இல்லை. ஈட்டிபோல் நீண்டு, நுனி கம்பியாய்ச் சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பற்றிக்கொண்டது. வயல்வேலைக்கு வரும் பெரியவரிடம் காட்டினோம். அவர் இலையைத் தொடாமலே நெடுநேரம் பார்த்தார். "பூ வரட்டும் பாய், அப்புறம் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் வாயில வைக்க வேணாம்" என்றார். பெயர் தெரியாத மனிதரிடம் கேட்டோமே என்று அன்று நமக்குச் சலிப்பே ஏற்பட்டது.

புரட்டாசி இறுதியில் பூத்தது. அடி மஞ்சளும் நுனி சிவப்புமாக, நெளிந்த இதழ்கள் சுடர்போல் மேல்நோக்கி மடிந்து நின்றன. செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநில மலர். வேதாரண்யம் பக்கத்தில் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்கும் இதுவே. இதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கால்சிசின் என்னும் நஞ்சு உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதையே தடுத்துவிடும். அவித்தாலும் அது போகாது. இலங்கையில் இக்கிழங்கைச் சர்க்கரைவள்ளி என மயங்கிச் சமைத்து உண்டு மாண்டவர்கள் உண்டு.

நாம் பொய் சொன்னோமா? மனமறிந்து சொல்லவில்லை. வள்ளி என்றே நம்பினோம். ஆயினும் அந்த நம்பிக்கைக்கு நம்மிடம் இருந்த ஆதாரம் கிழங்கின் நிறம் ஒன்றே. "வள்ளியாக இருக்கலாம்" என்றிருந்தால் மாமியும் ஐயத்தோடு வாங்கியிருப்பார். நாமோ "வள்ளிதான்" என்றோம். அந்தத் 'தான்' நம் கைச்சரக்கு. வெறும் ஊகத்தின்மேல் ஒட்டப்பட்ட அறிவின் முத்திரை. கேட்பவர் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. சொன்னவரை நம்பி, அமானிதம் போல் பெற்றுச் செல்கிறார். பிழையின் விலையைக் கொடுப்பவரும் அவரே.

ஆதம் நபிக்குப் பெயர்கள் கற்பிக்கப்பட்ட வரலாற்றைப் பெருமிதத்தோடு ஓதுகிறோம். ஆனால், வானவர்கள் தமக்கு அந்த அறிவில்லை என ஒப்புக்கொண்ட இடத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். இமாம் மாலிக் அவர்கள் தம்மிடம் வந்த வினாக்களுள் பலவற்றுக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள் என்பர். மதீனாவின் பேரறிஞருக்கு அது இழுக்காகவில்லை. கொல்லைத் தொட்டிக்கு முன் நின்ற நமக்குத்தான் இழுக்காகப்பட்டது!

யூனானி ஹக்கீம்கள் மூட்டுவலிக்குக் கையாளும் சூரிஞ்சானின் கதையும் இதற்கு நெருங்கியதே. காஷ்மீர் மலைச்சரிவுகளில் பனி உருகும் காலத்தில் மஞ்சளாய்ப் பூக்கும் சிறு செடியும் அப்பெயர் பெற்றது. அதிலும் இதே கால்சிசின்தான். இனிப்புச் சூரிஞ்சானை உள்ளுக்கும் கசப்பை வெளிப்பூச்சுக்கும் என அவர்கள் பிரித்தே வைத்தனர். பெயரில் ஒரு சொல் மாறினால் மருந்து நஞ்சாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் ஊருக்குக் கிழக்கே, தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்தவர் கோனிக். செடிகளுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் அவர். அவரைப் போன்றோர் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி அனுப்பிய வழக்கம் இன்றும் தொடர்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் தொடங்கப்பெற்ற ராப்பினட் தாவரக் காப்பகம் அதற்கென்றே உள்ளது. உலர்தாவரத் தாள்களில் எடுத்த ஊர், நாள், எடுத்தவர் யாவும் குறிக்கப்பெறும். இனம் துணியப்படாத செடிக்கு மட்டும் பெயரின் இடம் வெறுமையாகவே விடப்படும். அறிந்தவர் ஒருவர் வந்து எழுதும்வரை, ஆண்டுகள் பல ஆனாலும், அத்தாள் காத்திருக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் விட்ட கைகளின்மீது நமக்குப் பெருமதிப்பு உண்டு.

பூவைக் கண்ட மாலையே எதிர்வீட்டுக்கு ஓடினோம். அங்கும் சுவரோரம் கொடி ஏறி இரண்டு மொட்டுகள் விட்டிருந்தன. "இலை காஞ்சதும் தோண்டி அவிக்கலாம்னு இருந்தேன்" என்றார் மாமி. செய்தியைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. பேரப்பிள்ளைகளை வீட்டுக்குள் போகச் சொன்னார். மண்வெட்டியை எடுத்து நம் கையில் தந்துவிட்டு, "நீங்க சொன்னீங்களேன்னுதானே நட்டேன்" என்றார்.

வேரோடு முழுவதும் வரும்வரை தோண்டினோம். இருட்டிவிட்டது.