யாருக்காகத் தூதரகம் பேசும்?

2024 ஜூலை 19 அன்று ரஷ்யாவில் இரண்டு பத்திரிகையாளர்களுக்குத் தண்டனை கிடைத்தது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபர் இவான் கெர்ஷ்கோவிச்சுக்கு உளவுக் குற்றச்சாட்டில் 16 ஆண்டுகள். ரேடியோ ஃப்ரீ யூரோப் வானொலியின் ஆசிரியர் அல்சு குர்மஷேவாவுக்கு, ராணுவத்தைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்பியதாக ஆறரை ஆண்டுகள். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் இருவருக்கும் கிடைத்த ராஜதந்திர உதவி ஒன்றல்ல.

முதல் காரணம் குடியுரிமை. வேற்றுநாட்டவர் கைதானால் அவருடைய தூதரக அதிகாரிகள் சிறையில் அவரைச் சந்திக்கலாம் என்கிறது 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு. 2023 மார்ச் 29 அன்று கைதான கெர்ஷ்கோவிச்சை அமெரிக்கத் தூதர் ஏப்ரல் 17 அன்றுதான் பார்க்க முடிந்தது. குர்மஷேவாவுக்கு அதுவும் மறுக்கப்பட்டது. அவர் ரஷ்யக் குடிமகளும்கூட. இரட்டைக் குடியுரிமை உள்ளவரை ரஷ்யா தன் குடிமகளாக மட்டுமே பார்க்கிறது.

இரண்டாவது காரணம் வாஷிங்டனிலேயே இருந்தது. ‘அநியாயமாகச் சிறைவைக்கப்பட்டவர்’ என்று வெளியுறவுத் துறை அறிவித்துவிட்டால், 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வழக்கு பணயக்கைதிகளுக்கான சிறப்புத் தூதரின் கைக்குப் போகும். விடுதலைக்குப் பேரம் பேசுவதே அவர் வேலை. கெர்ஷ்கோவிச்சுக்கு அந்த அறிவிப்பு இரண்டு வாரத்துக்குள் வந்தது. 2023 அக்டோபர் முதல் சிறையில் இருந்த குர்மஷேவாவுக்குத் தீர்ப்பு நாள் வரை வரவில்லை.

2024 ஆகஸ்ட் 1 அன்று அங்காராவில் நடந்த கைதிகள் பரிமாற்றத்தில் இருவரும் விடுதலையானார்கள். அதற்கு ஈடாக ரஷ்யா கேட்டுப் பெற்றவர்களில் முக்கியமானவர் வாதிம் கிராசிகோவ். 2019இல் பெர்லினில் ஒருவரைச் சுட்டுக்கொன்றதற்காக ஜெர்மனியில் ஆயுள் தண்டனை அனுபவித்தவர். பேரம் உயிர்களை மீட்டது. அதே நேரத்தில், நிருபரைச் சிறைப்பிடித்தால் கொலைக் கைதியை மீட்கலாம் என்ற பாடத்தையும் அது கற்றுக்கொடுத்தது.

மரியா பொனமரென்கோவுக்கோ பேரம் பேச யாருமில்லை. உக்ரைனின் மரியுபோல் நகர நாடக அரங்கின்மீது குண்டு விழுந்ததைப் பற்றி எழுதியதற்காக, 2023இல் பர்னவுல் நீதிமன்றம் அந்த ரஷ்யப் பத்திரிகையாளருக்கு 6 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதித்தது. பரிமாற்றப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வியன்னா உடன்படிக்கை அவருக்குப் பொருந்தாது. எந்தச் சிறப்புத் தூதரும் அவருக்குப் பொறுப்பல்ல.

உலகெங்கும் சிறையில் இருக்கும் பத்திரிகையாளர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படிச் சொந்த நாட்டின் கைதிகளே. இவர்களுக்காகவும் பிற நாடுகள் செய்யக்கூடியவை உண்டு: விசாரணை நாளில் தூதரக அதிகாரியை நீதிமன்றத்துக்கு அனுப்பலாம், ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் இவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்கலாம், தப்பி வருபவருக்குத் தாமதமின்றி விசா தரலாம். தன் குடிமகனை மீட்பது ஓர் அரசின் கடமை. பத்திரிகைச் சுதந்திரத்தின் மீது அதற்குள்ள அக்கறை, தன் குடிமகன் அல்லாத கைதிக்காக அது என்ன செய்கிறது என்பதில்தான் தெரியும்.