பொய் சொல்லும் மணி

இளம்பிள்ளைக்குச் சேலை எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். எந்தத் தெருவில் நின்றாலும் விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். அந்த இரைச்சலிலேயே அசந்து தூங்குகிறார்கள். தறி நின்றால்தான் விழிப்பு வருகிறது!

நான் சேலை எடுத்த வீட்டுப் பெண் நர்ஸிங் முடித்துவிட்டு, சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் இதயக் கண்காணிப்புப் பிரிவில் சேரப்போகிறாள். "அங்க மெஷின் ராத்திரி பூரா கத்திக்கிட்டே இருக்குமாமே... எது நெசம்னு எப்படிங்க சார் கண்டுபிடிக்கறது?" என்றாள். பி.காம் படித்த என்னிடம்!

லேசான கேள்வி இல்லை சார் அது. நோயாளி பல் தேய்த்தால்கூட மானிட்டரில் கோடு தாறுமாறாக ஓடி, உயிருக்கு ஆபத்தான துடிப்பு மாதிரியே காட்டும். நெஞ்சில் ஒட்டிய எலெக்ட்ரோடு காய்ந்தாலும் அலறும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2013-ல் ஓர் எச்சரிக்கை விட்டது. நூற்றுக்கு 85 முதல் 99 அலாரங்கள் வரை, ஓடிப்போய்ச் செய்ய ஒன்றுமில்லாதவையாம். அதே அறிக்கையில் இன்னொரு கணக்கு: 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பாக அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்ட சம்பவங்கள் 98. அதில் 80 பேர் இறந்துபோனார்கள்.

நூறு தடவை பொய் சொன்னவனை நூற்றோராவது தடவை நம்பாமல் போனால், குற்றம் யாருடையது? காது மரத்துப்போவது உடம்பின் சுபாவம். அதற்காக ஒரு நர்ஸைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. ஆனால் காய்ந்த எலெக்ட்ரோடை மாற்றாமல், அந்த நோயாளிக்கு ஏற்ற அளவு எது என்று டாக்டரைக் கேட்டு அலாரத்தைத் திருத்தி வைக்காமல், சத்தத்தை மட்டும் அமுக்கிவிட்டுப் போவது இருக்கிறதே... அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பொய்யை வளரவிட்டது அங்கேதான்.

ஆடிட்டில் 'டெஸ்ட் செக்' என்பார்கள். நூறு வவுச்சரில் பத்தைப் புரட்டிவிட்டு மிச்சத்தையும் நம்பிக் கையெழுத்துப் போடலாம். வார்டில் எந்தப் படுக்கையை விடுவீர்கள்?

"மணி அடிச்சா முதல்ல ஆளைப் பாரும்மா, அப்புறம் திரையைப் பாரு" என்றேன். அனுபவசாலி சிஸ்டர்கள் சொல்லிக் கேட்டதுதான்.

அவள் அப்பா தறியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இழை அறுந்தா எனக்குக் காதே சொல்லிப்போடும். அதுக்கு ரெண்டு வருசம் ஆச்சு கண்ணு."

"அதுவரைக்கும் என்னப்பா பண்ணுனீங்க?"

"ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன்."

திங்கள்கிழமை அவளுக்கு முதல் நைட் டியூட்டி.