கம்பத்தில் ஏறியவர்

சம்பளம் வாங்கிச் செய்த வேலைக்கு நன்றி எதற்கு என்பீர். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்ததை நினைத்துப் பாரும். வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கேரளத்திலிருந்தும் வந்தார்கள், அவ்வருஷம் ஆகஸ்டு மாதந்தான் அவர்கள் சீமை வெள்ளத்தில் தத்தளித்திருந்தது. லாரி போகாத சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்தார்கள்.

சம்பளம் உழைப்புக்கு ஈடு, சரி. ஆனால் எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டரின் மின்சாரம் கம்பியில் திரும்பிப் பாய்ந்தால், மேலே இருப்பவர் உயிர் போகுமே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்?

விளக்கு வரத் தாமதமென்று அவர்களை வைதவர்களும் உண்டு. கைக்குழந்தையோடு இருட்டில் கிடந்தவளின் கோபத்தை நான் குறை சொல்லேன். வெளிச்சம் வந்தபின், ஏணியைச் சுமந்து அடுத்த தெருவுக்குப் போனவருக்கு ஒரு செம்பு தண்ணீராவது கொடுத்தீரா?