கூரைக்கு யார் காரணம்?

குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று பிரித்துச் சொல்வது சைவ சித்தாந்தம். இல்லாதது தோன்றாது, காரியம் காரணத்துக்குள் முன்பே உண்டு என்னும் சற்காரியவாதம் இதற்கு அடிப்படை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் உலகுக்கு ஒரு கர்த்தா உண்டென்று நிறுவிய மரபின் அளவுகோல் இது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் எழும் ஒரு கூரைக்கும் இதை வைத்துப் பார்க்கலாம். இன்று கூரை முதலில் கணினித் திரையில் ஒரு மாதிரியாகத்தான் பிறக்கிறது. அந்த மாதிரி மூன்று காரணங்களில் எது? சக்கரம்தான் என்பது என் முடிவு. அதை மண்ணென்றோ குயவனென்றோ கொள்ளும் தத்துவப் பிழை, கூரைமேல் ஏறுகிறவர் தலையில்தான் போய் விடிகிறது.

கேம்ப்ரல் எனப்படும் இரட்டைச் சரிவுக் கூரையை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் மேலே சாய்வு குறைவு, கீழே செங்குத்துக்கு அருகில், இடையில் ஒரு மடிப்பு. ஒரே நீளக் கட்டடம் என்றால் சுவரைக் காட்டியதும் மென்பொருளே கூரையைப் போட்டுவிடும். அகலம் வேறுபட்ட இரண்டு கட்டுகள் எல் வடிவில் சேரும்போதுதான் சிக்கல். மடிப்பின் உயரத்தை அகலத்தின் விகிதத்தில் வைத்தால் இரு மடிப்புகளும் வெவ்வேறு உயரத்தில் வரும். ஒரு கட்டின் செங்குத்துச் சரிவு மற்றதன் படிந்த சரிவைச் சந்திக்கும். இரு சரிவுகள் சேரும் கூடல்வாய் நேராக ஓடாமல் நடுவில் ஒடிந்து திசைமாறும். திரையில் அது ஒரு கோடு, கனமற்ற இரு தளங்கள் வெட்டிக்கொள்ளும் இடம். தகட்டுக்கு வந்தால் அதே இடத்தில் ஷீட் எவ்வளவு மேலேற வேண்டும், வரிமேடுகளை எந்தக் கோணத்தில் அறுப்பது, ஐப்பசி மழைநீர் அந்த ஒடிவில் தேங்குமா என்ற கேள்விகள் எழுகின்றன. இவற்றுக்கான விடை தகட்டிலும் தண்ணீரிலும் இருக்கிறது. தகட்டில் இல்லாத கூடலை எந்த மாதிரியாலும் வரவழைக்க முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரர் கருவறைமேல் நிற்பது தூங்கானை மாட விமானம். பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த அது, மரத்தையும் மூங்கிலையும் வளைத்து வேய்ந்த கூரையின் வடிவம். முதலாம் இராசேந்திரன் காலத்தில் இரவி என்னும் வீரசோழத் தச்சன் அதைக் கருங்கல்லில் எழுப்பியதைக் கல்வெட்டு சொல்கிறது. மாமல்லபுரத்துச் சகாதேவ ரதம் அதே வடிவத்தைப் பாறையிலிருந்து செதுக்கி எடுத்தது. மரத்திலிருந்து கல்லுக்கு வடிவம் தாவுமானால், வடிவமே முதல், பொருள் அதற்கு உடை என்று ஆகாதா? ஆகாது. மூங்கில் வளைந்து கொடுத்து நிற்கும். கல் வளையாது, ஒன்றன்மேல் ஒன்றாக எடை ஏறித்தான் நிற்கும். அந்தத் தச்சர் வளைவை அப்படியே எடுத்து வைக்கவில்லை. வரிவரியாகக் கல்லை அடுக்கிச் செதுக்கி, கல் எதைத் தாங்கும் என்பதிலிருந்து அதைப் புதிதாக வருவித்தார். கண்ணுக்கு ஒரே வடிவம், நிற்கும் நியாயம் வேறு. அந்த விமானத்தில் நான் வியப்பது இதைத்தான்.

இன்னொரு மறுப்பு நம் காலத்தது. இப்போது மாதிரியிலிருந்து கோப்பு நேராக இயந்திரத்துக்குப் போகிறது. எஃகு அறுபடுகிறது, துளை விழுகிறது, இடையில் கைபடுவதில்லை. அப்படியென்றால் மாதிரியே கர்த்தா இல்லையா? துளைக்கு விட்ட இடைவெளி, தகட்டின் கனம், வளைத்தபின் எஃகு சற்றே மீளும் அளவு ஆகியவை கோப்புக்குள் தாமாக வந்தவை அல்ல. பட்டறையில் எஃகோடு பழகிய யாரோ அவற்றைச் சொல்லி, யாரோ பதிந்திருக்கிறார்கள். சக்கரம் தானாகச் சுழன்றாலும் அது சக்கரம்தான். சித்தாந்தம் நிமித்த காரணத்தை அறிவுடைய ஒருவரிடத்தில் வைப்பது ஏன் என்று இங்கே விளங்குகிறது. ஷீட்டைத் தாங்கும் பர்லின் சட்டம் பொருந்தாதபோது “மாடலில் சரியாக இருக்கிறது, ஏற்றுகிறவர்தான் பிசகினார்” என்பது எளிது. அந்தச் சொல் ஜடமான கருவிக்கு அறிவைக் கொடுத்து, அறிவுள்ள மனிதரைக் கருவியாக்குகிறது. பல மீட்டர் உயரத்தில் இடுப்பில் கயிறோடு நிற்பவர் “இந்த ஒடிவில் ஷீட் உட்காராது” என்று சொன்னால், முதற்காரணத்தைக் கையால் தொட்டுச் சொல்கிறார். வேலையை அங்கேயே நிறுத்தி மாதிரியைத் திருத்தும் அதிகாரம் அவர் சொல்லுக்கு இருக்க வேண்டும். வரைந்தவரும் பெயர் போட்டு அந்தத் திருத்தத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும்.